பி.பி. குறையல, சுகர் குறையல... காரணம் குறட்டையா? தூக்கக் கோளாறுகள் பற்றி ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்கு எவ்வளவு தெரியும்?

"மாத்திரையெல்லாம் வேளாவேளைக்கு சாப்பிடுறேன் சிஸ்டர். ஆனா பி.பி. மட்டும் குறையவே மாட்டேங்குது."

"உப்பைக் குறைச்சீங்களா ஐயா?"

"குறைச்சாச்சு."

"ஊறுகாய், அப்பளம்?"

"அதையும் விட்டாச்சும்மா."

தமிழ்நாட்டில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இப்படி ஒரு உரையாடலைக் கேட்கலாம். உப்பு, நடைப்பயிற்சி, புகை, மது என எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை: "ராத்திரி எப்படித் தூங்குறீங்க? குறட்டை வருமா?"

அந்த ஒரு கேள்வி ஏன் முக்கியம்? சுகாதாரப் பணியாளர்கள் அதை ஏன் கேட்பதில்லை? கேட்டால் என்ன மாறும்? விரிவாகப் பார்க்கலாம்.

தூக்கத்துக்கும் பி.பி.க்கும் என்ன சம்பந்தம்?

தூங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளரும். சிலருக்கு அது அளவுக்கு மீறிப் போய், மூச்சுப் பாதையே அடைத்துக்கொள்ளும். மூச்சு 10 விநாடிகளுக்கு மேல் நின்றுபோகும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறிப்போய் உடலை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்ப வரும். தூங்குபவருக்கு இது எதுவுமே நினைவில் இருக்காது.

இதற்குப் பெயர் 'ஸ்லீப் அப்னியா'. தமிழில் தூக்கத்தில் மூச்சுத்தடை எனலாம். ஒரு மணி நேரத்தில் 5 முறைக்கு மேல் இப்படி மூச்சு நிற்பதோ குறைவதோ நடந்தால் கவனிக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் நடுத்தர பாதிப்பு. 30-ஐத் தாண்டினால் தீவிர பாதிப்பு.

ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் உடல் அவசர நிலைக்குப் போகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ராத்திரி முழுக்க இது திரும்பத் திரும்ப நடந்தால், பகலிலும் பி.பி. இறங்க மறுக்கும். மூன்று வகை மாத்திரை கொடுத்தும் பி.பி. கட்டுப்படாதவர்களிடம் ஸ்லீப் அப்னியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். சர்க்கரை நோய், பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் இதன் ஓர் அறிகுறி. ஆனால் "சுகர் இருக்கு, அதான் அடிக்கடி போறார்" என்று அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

இந்தியாவில் எத்தனை பேருக்கு?

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 2023-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டார்கள். இந்தியப் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு ஸ்லீப் அப்னியா இருக்கலாம் என்றது அது. ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம். தலைக்கணக்கில் சொன்னால், வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் மட்டும் சுமார் 10.4 கோடி பேர்.

இதில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர்கள் தூக்க மருத்துவரிடம் போகப்போவதும் இல்லை. பி.பி. மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வருவார்கள். அதனால்தான் அங்கே இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள்.

பணியாளர்களுக்கு எவ்வளவு தெரியும்? அதை எப்படி அளக்கிறார்கள்?

இதற்கென்றே சில கேள்வித்தாள்கள் உண்டு. அமெரிக்காவில் உருவான 'ஆஸ்க்மி' என்ற தேர்வில் தூக்கம் பற்றி 30 கேள்விகள் இருக்கும். 'ஒசாகா' என்ற இன்னொன்றில் ஸ்லீப் அப்னியா பற்றி மட்டும் 18 கேள்விகள். அதோடு, "இந்த நோயாளியைக் கையாள உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?" என்ற வகையில் மனநிலையை அறியும் 5 கேள்விகளும் உண்டு.

பல நாடுகளில் மருத்துவர்கள், செவிலியர்களிடம் இவற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் முடிவு இதுதான்: "தூக்கக் கோளாறு முக்கியமான பிரச்னையா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் "ஆமாம்" என்கிறார்கள். "அதைக் கண்டுபிடித்து சிகிச்சை தர உங்களால் முடியுமா?" என்று கேட்டால் தயங்குகிறார்கள். முக்கியம் என்று தெரியும், அடுத்து என்ன செய்வதென்று தெரியாது.

தவறு அவர்கள் மேல் இல்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா உட்பட 12 நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் தூக்கம் பற்றி எத்தனை மணி நேரம் பாடம் நடக்கிறது என்று விசாரித்தது. சராசரி என்ன தெரியுமா? மொத்தப் படிப்புக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. பதில் சொன்ன கல்லூரிகளில் 27 சதவீதம் "எங்களிடம் அப்படி ஒரு பாடமே இல்லை" என்றன.

மனிதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கைத் தூங்கியே கழிக்கிறான். அதற்கு மருத்துவப் படிப்பில் கிடைப்பது ஒரு சினிமா பார்க்கும் நேரம்தான். மருத்துவர்களுக்கே இந்த நிலை என்றால், கிராம சுகாதார செவிலியருக்கும், வீடு வீடாகப் போகும் தன்னார்வலருக்கும் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்?

1. "குறட்டை விட்டா நல்ல தூக்கம்"

படுத்தவுடன் குறட்டை விட்டால் "மனுஷன் நிம்மதியாத் தூங்குறார்" என்று சொல்வது நம் வழக்கம். உண்மை நேர்மாறு. குறட்டை என்பது காற்று நெருக்கடியான பாதையில் போகும் சத்தம். எல்லாக் குறட்டையும் நோய் இல்லை. ஆனால் சத்தமான குறட்டை, நடுவில் திடீர் நிசப்தம், பிறகு திணறலோடு மூச்சு என்று இருந்தால் அது எச்சரிக்கை மணி.

குண்டாக இருப்பவர்களுக்கு மட்டுமே வரும் என்பதும் தவறு. தாடை அமைப்பு, கழுத்துப் பருமன், மூக்கடைப்பு ஆகியவையும் காரணம் ஆகலாம். பெண்களுக்குக் குறட்டை பெரிதாக இல்லாமல், தீராத அசதி, காலையில் தலைவலி, தூக்கம் வராமை என்று வரலாம். மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடும். "வீட்டு வேலை, அதான் அசதி" என்று ஒதுக்கிவிடுவதால் பெண்கள் இன்னும் அதிகமாகத் தவறவிடப்படுகிறார்கள்.

2. "தூக்கம் வரலையா, ஒரு மாத்திரை போடுங்க"

தூக்கமின்மைக்கு ஓர் அளவுகோல் உண்டு. வாரத்தில் குறைந்தது 3 நாள், 3 மாதங்களுக்கு மேல் தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ, அதனால் பகல் வாழ்க்கை பாதிக்கப்பட்டால் அது நாள்பட்ட தூக்கமின்மை.

இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. நடத்தை மாற்றச் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியும், 2017-ல் ஐரோப்பிய வழிகாட்டுதலும் சொல்லிவிட்டன. தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் போன் பார்க்காமல் இருப்பது போன்றவை இதன் அடிப்படை. ஒரு செவிலியர் பத்து நிமிடத்தில் இவற்றைச் சொல்லித் தந்துவிட முடியும்.

நடைமுறையில் நடப்பது வேறு. பழைய சீட்டை மெடிக்கலில் காட்டி 'தூக்க மாத்திரை' வாங்கி, வருடக்கணக்கில் போடுபவர்கள் உண்டு. அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவை இந்தியாவில் 'எச்1' பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. இவை பழக்கமாகிவிடும். வயதானவர்கள் ராத்திரி எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்லீப் அப்னியா உள்ளவருக்கு அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து மூச்சுத்தடை மோசமாகலாம். "தூக்கமே வரல" என்று வந்தவரிடம் "குறட்டை இருக்கா?" என்று கேட்காமல் மாத்திரை எழுதுவது ஆபத்தாவது இங்கேதான்.

அதிகாலை 3 மணிக்கே விழிப்பு வந்து, பிறகு தூக்கமே வராமல், மனசும் சரியில்லை என்றால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதற்குத் தூக்க மாத்திரை மருந்தாகாது.

3. "காலை குடையுது சிஸ்டர்"

சாயங்காலம் ஆனால் காலுக்குள் என்னவோ ஊர்வது போல, குடைவது போல ஓர் உணர்ச்சி. காலை ஆட்டினால், நடந்தால் சரியாகும். படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். இதற்கு 'அமைதியற்ற கால்' நோய் என்று பெயர். பெரும்பாலும் "சத்துக் குறைவு, தைலம் தேய்ங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

சத்துக் குறைவு என்பதில் பாதி உண்மை உண்டு. இரும்புச் சத்துக் குறைபாடு இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கர்ப்ப காலத்தில் இது அதிகம் வரும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு-5 படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை தரும் அதே செவிலியர், "ராத்திரி கால் குடையுதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பலரின் பிரச்னை அங்கேயே பிடிபட்டுவிடும்.

4. "அமுக்குவான் பேய்"

தூக்கத்தில் விழிப்பு வருகிறது, ஆனால் கை காலை அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போல இருக்கிறது. கத்த நினைத்தாலும் குரல் வரவில்லை. ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள்.

மருத்துவத்தில் இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். கனவு காணும் கட்டத்தில் உடல் தசைகள் தானாகச் செயலிழந்து இருக்கும். கனவில் ஓடும்போது நாம் நிஜமாகவே எழுந்து ஓடாமல் இருக்க உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. சில நேரம் மூளை விழித்துக்கொள்ளும், தசைகள் விழிக்கச் சில விநாடிகள் தாமதமாகும். அந்த இடைவெளிதான் 'பேய்'. எப்போதாவது வந்தால் ஆபத்து இல்லை. தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் அதிகம் வரும். அடிக்கடி வந்து, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. அந்தத் தசை ஏற்பாடு வேலை செய்யாமல், கனவில் வருவதைப் படுக்கையில் நிஜமாகவே செய்வது. கத்துவது, உதைப்பது, பக்கத்தில் இருப்பவரை அடிப்பது என்று 50 வயதுக்கு மேல் ஒருவருக்குப் புதிதாகத் தொடங்கினால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலருக்கு இது பார்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே வரும் அறிகுறி.

5. "பையனுக்குப் படிப்பே ஏறல"

வாயைத் திறந்துகொண்டு தூங்கும் குழந்தை. குறட்டை விடுகிறது. ஓரளவு வளர்ந்த பிறகும் படுக்கையில் சிறுநீர் போகிறது. வகுப்பில் கவனம் இல்லை, ஒரு இடத்தில் உட்காருவதில்லை. பல நேரங்களில் காரணம் வீங்கிய டான்சிலும் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையும்தான். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து போவார்கள். குழந்தைகள் பெரும்பாலும் துறுதுறுவென்று ஆவார்கள். அதனால் "வால்" என்று பட்டம் கிடைக்குமே தவிர, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக மாட்டார்கள். பள்ளிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழு கேட்க வேண்டிய கேள்வி இது.

மெஷின் வேண்டாம், எட்டுக் கேள்வி போதும்

"தூக்கப் பரிசோதனைக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிதானே போகணும்?" என்று தோன்றலாம். நோயை உறுதி செய்யத்தான் அது. சந்தேகப்பட ஓர் இன்ச் டேப்பும் எட்டுக் கேள்விகளும் போதும். கனடாவில் உருவாகி உலகம் முழுக்கப் பயன்படும் 'ஸ்டாப்-பேங்' முறை இது:

• சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா?
• பகலில் அடிக்கடி அசதி, தூக்கக் கலக்கம் உண்டா?
• தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
• பி.பி. உண்டா, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
• உடல் எடைக் குறியீடு 35-க்கு மேலா?
• வயது 50-க்கு மேலா?
• கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா?
• ஆணா?

ஒவ்வொரு "ஆமாம்"-க்கும் ஒரு மதிப்பெண். 0 முதல் 2 வரை ஆபத்து குறைவு. 3 அல்லது 4 என்றால் நடுத்தரம். 5-ம் அதற்கு மேலும் என்றால் ஆபத்து அதிகம், பரிசோதனை செய்ய வேண்டும். 3-வது கேள்விக்குப் பதில் நோயாளிக்குத் தெரியாது. கூட வந்திருக்கும் மனைவியிடமோ கணவரிடமோதான் கேட்க வேண்டும்.

பகல் தூக்கத்தை அளக்க 1991-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உருவான 'எப்வொர்த்' அளவுகோல் இருக்கிறது. டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, சாப்பிட்டபின் உட்காரும்போது என 8 சூழல்களில் கண் அயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24. அதில் 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி., சுகர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். தூங்கும் மனிதரை அருகில் இருந்து பார்த்த குடும்பம் இருக்கும் இடமும் வீடுதான். அந்தக் கேள்விகளைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கண்டுபிடித்தால் அடுத்து என்ன?

இரவு முழுக்க மூச்சு, ஆக்சிஜன், மூளை அலை, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் பரிசோதனை உண்டு. தனியார் மருத்துவமனைகளிலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் செய்கிறார்கள். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கருவிகளும் வந்துவிட்டன.

நடுத்தர, தீவிர பாதிப்புக்கு முக்கிய சிகிச்சை 'சி-பாப்' கருவி. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இதை அறிமுகப்படுத்தினார். விலை சில பத்தாயிரங்கள் என்பதால் எல்லோராலும் வாங்க முடிவதில்லை. ஆனால் எடை குறைப்பது, மதுவை விடுவது, ஒருக்களித்துப் படுப்பது, மூக்கடைப்பைச் சரிசெய்வது ஆகியவையும் பலருக்குப் பலன் தரும். இவற்றைச் சொல்லவும் தொடர்ந்து விசாரிக்கவும் ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

கண்டுகொள்ளாமல் விட்டால்?

பாதிப்பு ஒருவரோடு நிற்காது. தூக்கக் கலக்கத்தில் லாரி, பஸ் ஓட்டுபவர் தன்னோடு மற்றவர் உயிரையும் பணயம் வைக்கிறார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03 சதவீதம்தான். குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். தூங்கினாரா என்று கண்டுபிடிக்க ரோட்டில் கருவி கிடையாது. மருத்துவப் பரிசோதனையில் கேட்டால்தான் உண்டு.

கேட்பவர்கள் தூங்குகிறார்களா?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 24 மணி நேரப் பிரசவ வசதி உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் நைட் டியூட்டி பார்ப்பதும் இதே செவிலியர்கள்தான். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் சமையல், பிள்ளைகளின் பள்ளி என்று பகல் தூக்கமும் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவுப் பணியை 'புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது' என்ற பட்டியலில் 2007-லேயே சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதே முடிவுக்கு வந்தது. பணியாளர்களுக்குத் தூக்கப் பயிற்சி தரும்போது அவர்கள் தூக்கத்தையும் விசாரிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது இந்த நான்கையும் குறித்துக்கொண்டு போங்கள்:

• எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள். ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதினால் போதும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம்.
• குறட்டை, மூச்சுத் திணறல் பற்றி வீட்டில் உள்ளவர்கள் சொல்வது. முடிந்தால் ஒரு நிமிட வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.
• பகலில் எப்போதெல்லாம் கண் அயர்கிறது. வண்டி ஓட்டும்போது என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.
• தூக்கத்துக்காக ஏற்கெனவே போடும் மாத்திரை, மது, இருமல் டானிக் எதுவானாலும் மறைக்காதீர்கள். நாள்பட்டுப் போடும் தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மனக்கவலையால் தூக்கம் போனவர்கள், 'டெலி மனாஸ்' இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

"மாத்திரை சாப்பிட்டும் பி.பி. குறையல" என்று சொன்ன அந்த ஐயாவிடம், "குறட்டை வருமா?" என்று செவிலியர் கேட்டிருந்தால் பதில் அவரிடமிருந்து வந்திருக்காது. பின்னால் நிற்கும் அவர் மனைவிதான் சொல்லியிருப்பார்: "அதை ஏன் கேக்குறீங்கம்மா... நடுராத்திரியில மூச்சே நின்னுடுச்சோன்னு நான்தான் தட்டித் தட்டி எழுப்புறேன்."

பல வீடுகளில் நோயைக் கண்டுபிடித்தவர் ஏற்கெனவே இருக்கிறார். அவரிடம் யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.